ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சாய்க்கிற ரவர்

ஒரு வானொலி அன்ரனாவை ஏற்றிவைக்க எப்படிப்பட்ட ரவர், அதாவது கோபுரம், பொருத்தம் என்று ஒரு வருசத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். அதைச் சாய்ப்பதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

எங்கள் வீடு மன்னார்த் தீவில், பேசாலையின் மேற்குத் தொங்கலில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பனை வடலிகளுக்கு நடுவில் இருந்தது. அம்மாவும் நானும் மட்டும். மன்னாரில் தபால் கந்தோரில் எனக்குத் தந்தி அடிக்கிற வேலை. பகல் முழுக்க மற்றவர்களுடைய சாவையும் பிறப்பையும் விரலால் தட்டி அனுப்புவேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து அதே விரலால் என் சொந்த வானொலிச் செற்றில் யப்பான்காரனையும் பிரேசில்காரனையும் கூப்பிடுவேன். அமெச்சூர் வானொலி என்று இதற்குப் பெயர். அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் தரும். காசு வராது, அரசியல் பேசக்கூடாது. "இங்கே வெயில், அங்கே எப்படி?" என்று உலகத்தின் மறுபக்கத்தைக் கேட்டுவிட்டு, அங்கே மழை என்று அறிந்து சந்தோசப்படுகிற ஒரு விசர். ஊரில் என்னை விசரன் என்றவர்களோடு நான் சண்டைக்குப் போனதில்லை.

இரண்டு பனைக்கு நடுவே கட்டிய கம்பியில்தான் அதுவரை காலம் தள்ளினேன். பிறகு ஆசை பெருத்தது. மூன்று நீள அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒரு வள்ளத்தைவிட நீளம், ஒரு நடுக்குழாயில் குறுக்கே பூட்டியது. அதை உயரத்தில் ஏற்றி, எந்தத் தேசம் வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பவேண்டும். கொழும்பிலிருந்து குழாய் குழாயாகச் சேர்த்து அன்ரனாவைச் செய்துவிட்டேன். அதை எதில் ஏற்றுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நின்றேன்.

பனையில் ஏற்றலாம் என்றார்கள். பனை காற்றுக்கு ஆடும். ஆடுகிற தலையில் திருப்புகிற அன்ரனா நிற்காது. ஒற்றைக் குழாயை நட்டு நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டலாம். அதுதான் மலிவு. ஆனால் மன்னாரில் ஊர் முழுக்கக் கழுதைகள். முதுகு தேய்க்க ஒரு கம்பி கிடைத்ததென்றால் அவை விடாது. ஒரு கழுதை தேய்த்து என் அன்ரனா விழுந்தது என்ற கதையை நான் எந்த நாட்டுக்காரனுக்குச் சொல்வது? புதிதாக இரும்புச் சட்டம் அடிப்பதற்குக் கேட்ட விலையில் ஒரு வீடு கட்டலாம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லிச் சொல்லி ஒரு வருசம் போயிற்று.

கடைசியில் அது பாப்பாமோட்டையில் கிடந்தது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவருடைய தோட்டத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், தண்ணீர் இறைக்கிற பழைய காற்றாடியின் நாலுகால் இரும்புச் சட்டம். காற்றாடி எப்போதோ உடைந்து போயிருந்தது. சட்டத்தில் பாகற்கொடி ஏறியிருந்தது. "எடுத்துக்கிட்டுப் போயிருங்க சார், பாம்பு ஏறி ஒக்காந்துக்குது," என்றார் அந்த மனிதர். நாற்பதடிச் சட்டம், மேலே ஒரு இருபதடிக் குழாய் செருகினால் அறுபது. எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

அதன் நாலு கால்களில் இரண்டுக்குக் கீலும், மற்ற இரண்டுக்குக் கழற்றுகிற பூட்டும் போடுவது என் யோசனை. பின்னால் ஒரு கைவின்ச், கையால் சுற்றுகிற இழுவை உருளை, அதிலிருந்து கம்பி. பூட்டைக் கழற்றி வின்ச்சைச் சுற்றினால் ரவர் மெல்லமெல்லச் சாய்ந்து நிலத்தில் படுத்துவிடும். திரும்பச் சுற்றினால் எழும்பி நிற்கும். உப்புக் காற்றில் அன்ரனாவைக் கழுவ, எண்ணெய் பூச, ஒவ்வொரு முறையும் மேலே ஏறவேண்டியதில்லை. தனி ஆளாய்ச் சாய்க்கலாம், தனி ஆளாய் நிமிர்த்தலாம். இதை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை நினைவுக்கு வரும்போது இப்போது எனக்கு வாய் கசக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டுத்தான், நான் அண்ணை என்று கூப்பிடுகிற ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு வள்ளத்துக்குத் தண்டையல். கடலில் போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் பொறுப்பானவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. முன்பு நல்லாய்க் குடித்தவர். மகள் பிறந்து காய்ச்சலில் கிடந்தபோது மாதாவுக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டார். அதன்பிறகு கலியாண வீட்டில்கூடச் சோடாதான். ஊர் முழுக்க அறிந்த நேர்த்தி அது.

"தம்பி, இதை எங்கை நடப்போறீர்?" என்று கேட்டார்.

"என்ர வளவுக்கைதான் அண்ணை."

"உம்மட வளவு வேண்டாம். உதிலை பக்கத்திலை என்ர மனிசியின்ர சீதனக் காணி கிடக்குது. அதுக்குள்ளை மொட்டைப் பனை நிண்ட இடத்திலை நடும். ஒரு சதமும் வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரைக்கு வெளியே நீளத்துக்குக் கல்லுப் பார், தண்ணீருக்குள் மூழ்கிய பாறைத் திட்டு, கிடக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் அலை அதன்மேல் அடித்து உடைக்கும். அதற்கு நடுவில் ஒரு வள்ளம் போய்வரும் அகலத்துக்கு ஒரே ஒரு வாய். கடலில் நின்று பார்த்தால் வாய் தெரியாது, எல்லாம் ஒரே நுரை. கோயிலின் மணிக்கூண்டும் அதற்குப் பின்னால் அந்த மொட்டைப் பனையும் ஒன்றுக்கு நேரே ஒன்றாய் வருகிறபோது நேராக விட்டால் வாய்க்குள்ளால் உள்ளே வந்துவிடலாம். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் குறி. போன வருசப் புயலில் பனை விழுந்துவிட்டது. மணிக்கூண்டு மட்டும் நிற்கிறது.

"ஒண்டு மட்டும் நிண்டு என்ன செய்ய? ரண்டு வேணும் தம்பி. ஒரு வருசமாச் சும்மா குத்துமதிப்பிலைதான் வாறம்," என்றார்.

இடம் எனக்கும் வசதிதான், என் வேலிக்கு அடுத்த காணி. ஒத்துக்கொண்டேன். ஆனால் கீல் விசயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"சாய்க்கிறதோ? குறியெண்டா நிக்கோணும். இண்டைக்கு நிண்டு நாளைக்குப் படுக்கிறதை நம்பி ஆர் வள்ளம் விடுறது? நாலு காலையும் கொங்கிறீற்றுக்குள்ளை இறுக்கும்."

நான் விடவில்லை. உப்பு, துரு, எண்ணெய் என்று அவருக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தேன். என் கீலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. சனி பின்னேரம் வள்ளம் எல்லாம் ஏறிவிடும். திங்கள் விடியத்தான் இறங்கும்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயும். பூசை முடிஞ்சு சாய்ச்சு, இருட்டமுன்னம் நிமித்திப்போடோணும். மற்ற நாளிலை சாய்க்கிறதெண்டா முதல் நாள் கரையிலை வந்து சொல்லோணும். சொல்லும் பாப்பம்."

"ஞாயிறு மட்டும், அண்ணை."

"மற்ற நாளெண்டா?"

"கரையிலை வந்து சொல்லுவன்."

சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல இரண்டு தரம் என் வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் போனார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

நிமிர்த்துகிற அன்று கரையிலிருந்து இருபது பேர் வந்தார்கள். வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாவைப் பாடிக்கொண்டே கயிற்றை இழுத்தார்கள். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கருவாடு காயப்போடுவதை விட்டுவிட்டு ஒரு சருவக் குடம் நிறையச் சர்பத் கரைத்துக்கொண்டு வந்தார். அண்ணை ஒரு ஆளைக் கோயிலடியில் நிறுத்தி, தான் வள்ளத்தில் பாருக்கு வெளியே போய் நின்று, இப்படித் தள்ளு அப்படித் தள்ளு என்று சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். கால் வைக்கிற இடம் மூன்றடி மாறியது, அவர் சொன்னதால். அன்று பின்னேரம் நான் சிலியில் ஒருவரோடு பேசினேன். அதே பின்னேரம் பதினொரு வள்ளம் வாய்க்குள்ளால் வரிசையாக வந்தன. யாருடைய சந்தோசம் பெரிது என்று சொல்ல முடியாது.

ஒன்றரை வருசம், ஒவ்வொரு முறையும் ஞாயிற்றுக்கிழமையில்தான் சாய்த்தேன். இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றுவது அதுவரை எனக்கு ஒரு செலவும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு சண்டை தொடங்கிக் காலம் கெட்டது. வானொலி அனுப்புகிற செற் வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. என் செற்றை ஒரு போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய ஒரு பற்றுச்சீட்டுத் துண்டு வாங்கிவந்தேன். அதைப் பொலித்தீனில் போட்டு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தேன். வீட்டில் செற் இல்லை, வெளியே ரவர் நிற்கிறது. கழற்றிப் போடச் சொல்லி அம்மா தினமும் சொன்னார். "ஊருக்குக் குறியெல்லே அம்மா," என்றேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த அன்ரனா மேலே நிற்பதைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது.

அன்று வியாழக்கிழமை. வாடை பலமாக வீசிக்கொண்டிருந்தது. மத்தியானம் மழையும் பிடித்துவிட்டது. பஸ் ஓடவில்லை என்று நான் வேலைக்குப் போகவில்லை. மன்னார்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், வேலிக்கு மேலால் கத்திவிட்டுப் போனார்:

"ஆமி றோட்டாலை வருது! தலைமன்னார்ப் பக்கம் போறாங்களாம்! வீடு வீடாப் பாக்கிறாங்களோ தெரியாது!"

ராணுவம் வருகிறதென்றதும் ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. நீளக் கம்பி வைத்திருந்த வீட்டுக்காரரைக் கொண்டுபோனார்களாம் என்று எங்கோ கேட்ட கதைகள் எல்லாம் ஒன்றாய் வந்து நின்றன. தகரத்தில் துண்டு இருக்கிறது. துண்டை வாசிக்க முதல் ரவரைப் பார்ப்பார்களே! அம்மா செபமாலையோடு மூலையில் இருந்தார். நான் மழைக்குள் ஓடினேன்.

வள்ளங்களை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் இந்தக் கதை எனக்கு எவ்வளவு இலகுவாயிருக்கும்! நான் மறக்கவில்லை. வின்ச்சில் கை வைத்தபோது கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இந்தக் காற்றுக்கு யார் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். காலையில் மூன்று வள்ளம் இறங்கின சத்தம் கேட்டிருந்தது. மத்தியானத்துக்கு முன் இரண்டு திரும்பிய சத்தமும் கேட்டிருந்தது. மூன்றாவதும் வந்திருக்கும், எனக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடற்கரைக்கு ஓடினால் பத்து நிமிடம். ஓடி ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஆமி வந்துவிட்டால் என்ற பயம் என் காலைப் பிடித்தது. பூட்டைக் கழற்றினேன், சுற்றினேன். தனி ஆளாய்ச் சாய்த்தேன். அப்போது இரண்டு மணி.

மூன்று மணியளவில் வாகனங்கள் பெரிய றோட்டால் போன சத்தம் கேட்டது. ஊருக்குள் திரும்பவில்லை. அப்போதாவது நிமிர்த்தியிருக்கலாம். திரும்பி வருவார்கள் என்று வீட்டுக்குள் குந்திக்கொண்டிருந்தேன். ஐந்து மணி தாண்டித் திரும்பி, வந்த வழியே மன்னாருக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டையும் தட்டவில்லை. நான் போய் வின்ச்சைச் சுற்றி ரவரை நிமிர்த்தியபோது மணி ஐந்தரை. மழையில் வெளியே ஒரு சனமும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வள்ளம் அண்ணையுடையது. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று அவர் தனியாகத்தான் போயிருந்தார். போட்ட வலையை விட்டுவிட்டு வர மனமில்லாமல் நின்றிருக்கிறார். அது தடை உத்தரவால் ஆறு மணிக்குப் பிறகு ஒருவரும் கடலில் நிற்கக்கூடாத காலம். காற்று அடங்குமட்டும் வெளியே நங்கூரம் போட்டு நிற்கவும் வழியில்லை. விடிய, வாய்க்கு மேற்கே ஒரு அறுபது பாகம், நூறு மீற்றருக்குக் கொஞ்சம் மேல், தள்ளி, பாரின்மேல் வள்ளம் பிளந்து கிடந்தது. அவரைப் பத்து மணிக்குக் கரையில் எடுத்தார்கள்.

செத்த வீட்டில் அவருடைய கூட்டாளி காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு வந்து புலம்பினார். "ரண்டு குறியையும் நேர பிடிச்சா அந்தாள் கண்ணைக் கட்டிக்கொண்டும் உள்ளை வருவார். எப்பிடிப் பிழைச்சது?" அக்கா அழாமல் இருந்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, ரவர் நிண்டதுதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிமிர்ந்த ரவர் யன்னலுக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது.

"ஓம் அக்கா, நிண்டது," என்றேன்.

ஒரு சொல்தானே. மழையில் எப்படியும் தெரிந்திருக்காது, நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்றுதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவர் வரப்போகிறாரா என்றும் நினைத்தேன். ஒரு பொய் எங்கெல்லாம் போய் வேலை செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ரவர் நின்றதென்றால் பிழை வேறு யாருடையது? வள்ளத்துக்குள் வெறும் சாராயப் போத்தல் ஒன்று கிடந்தது. கடலுக்குப் போகிற எல்லோரும் குடிதண்ணீர் கொண்டுபோகிற போத்தல்தான். எஞ்சினுக்கான மண்ணெண்ணெய்க் கான் கடைசிச் சொட்டுவரை வெறுமையாய்க் கிடந்தது. எரிந்த அளவைப் பார்த்தால் நெடுநேரம் பாருக்கு வெளியே சும்மா சுற்றியிருக்கிறார். "குடிவெறியிலை சுத்தியிருக்கிறான்," என்று முதலில் யாரோ குசுகுசுத்தார்கள். எட்டாம் நாள் அது ஊர்க் கதையாகிவிட்டது. மாதாவுக்கு வைத்த நேர்த்தியை முறித்தான், மாதா விடவில்லை என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? குறி நின்றதென்று நானே சொல்லிவிட்டேனே. அழுவதற்குப் பதிலாக அண்ணைமேல் கோபப்பட்டார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். வருச நினைவுத் திருப்பலிக்கும் காசு கொடுக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் யாரோடோ சண்டைபிடித்துக்கொண்டு வந்து, அப்பா குடிகாரரோ என்று கேட்டபோது, ஓம் என்று சொன்னாராம். இதையெல்லாம் அம்மா வந்து என்னிடம் சொல்வார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்பேன்.

அடுத்த நவம்பரில் மரித்தோர் நாள் வந்தது. பின்னேரம் சேமக்காலை முழுக்க மெழுகுதிரி. ஒவ்வொரு கல்லறையடியிலும் ஒரு குடும்பம் நின்றது. அண்ணையின் கல்லறை மட்டும் புல்லு முளைத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. புல்லைப் பிடுங்கி, என் அப்பாவின் கல்லறைக்கென்று கொண்டுபோன திரியில் இரண்டை அங்கே கொளுத்தினேன். நிமிர்ந்தால் அக்கா வழியில் நிற்கிறார், தன் தாயின் கல்லறைக்கு வந்தவர்.

"நீங்கள் ஒராள்தான் அந்தாளை இன்னும் நினைக்கிறியள் தம்பி," என்றார். குரலில் நன்றி இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போது சொல்லியிருக்கவேண்டும். திரி எரிகிறது, ஆள் எதிரே நிற்கிறார், வேறு யாரும் கிட்ட இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு மிஞ்சியிருந்தது, மழையில் ரவர் தெரிந்திருக்காது என்ற அந்தச் சாட்டு ஒன்றுதான். அதையும் நானே போய்க் கெடுத்துக்கொண்டேன். அந்த வாடைக்கு ஒரு நாள், அதே மாதிரிக் காற்றும் மழையுமாக இருந்த மத்தியானம், அண்ணையின் கூட்டாளியாயிருந்தவரிடம் கெஞ்சி அவருடைய வள்ளத்தில் பாருக்கு வெளியே போனேன். என்னத்துக்கு என்று கேட்டார். அன்ரனா கடலிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க என்றேன். வள்ளம் ஆடியதில் எனக்குச் சத்தி வந்து, தின்றதெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. மழைக்குள் மணிக்கூண்டு சாம்பலாய்த் தெரிந்தது. அதற்குப் பின்னால், மேலே, கறுத்த பென்சில் கோடாய் ரவர், அதன் தலையில் குறுக்கே என் மூன்று குழாய்கள். வடிவாய்த் தெரிந்தது. "பாத்தீரா, இந்த மழைக்குள்ளையும் தெரியுது," என்றார் அவர். "பிறகு அந்தாளுக்கு என்ன வந்தது?"

நான் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சத்தி எடுத்தேன்.

பிறகு ஊரே கலைந்தது. தீவை விட்டு ஆளுக்கொரு திசையாய்ப் போனோம். நானும் அம்மாவும் முருங்கனில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தோம். ரவரை யாரோ இரும்புக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் துக்கம் வரவில்லை. அம்மா முருங்கனிலேயே போய்ச் சேர்ந்தார். சாகிறதுக்கு முதல் வாரம், "அண்டைக்கு நீ மழைக்குள்ளை ஓடினது எனக்குத் தெரியும்," என்றார்.

அம்மா போன இரண்டாம் மாதம் ஆஸ்பத்திரியடி பஸ் நிறுத்தத்தில் அக்காவைக் கண்டேன். அண்ணை போய் அது ஆறாவது வருசம். நெல்லு மில்லில் புடைக்கிற வேலையாம். மயிரெல்லாம் உமித் தூசு. மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாளாம், சோதனைக்குப் படிக்கிறாளாம். கன்னியர் மடத்தில் சேரக் கேட்டாளாம். "தேப்பன்ரை பாவத்துக்குச் செபிக்கப் போறாளாம்," என்று ஒரு வறட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நின்ற நிலையில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாக்கு, ஆமி வந்த கதை, பூட்டு, வின்ச், எல்லாம். நான் பயந்துபோனேன் அக்கா என்று சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார். என் பயம் அவருக்குத் தேவைப்படவில்லை.

"எத்தினை மணிக்குச் சாய்ச்சனீங்கள்?"

"ரண்டு மணி இருக்கும்."

"நிமித்தினது?"

"அஞ்சரை."

பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் ஏறவில்லை. விரலை மடக்கி மணித்தியாலத்தை எண்ணினார்.

"எண்ணெய்க் கான் வெறுமையாக் கிடந்தது," என்றார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. "முழுக் கான். நான்தான் காலமை நிரப்பிக் குடுத்தனான். ரவரைத் தேடிக்கொண்டு நிண்டிருக்கிறார். இப்ப தெரியும், இப்ப தெரியும் எண்டு எண்ணெய் முடியுமட்டும் நிண்டு தேடியிருக்கிறார்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்தாள் குடிக்கேல்லை."

"இல்லை அக்கா."

"ஆறு வருசம் ஒரு திரி கொளுத்தேல்லை நான்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ," என்றார். "எங்கை அக்கா?" என்றேன். "வாங்கோ" என்று திரும்பவும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். வயல் வரம்பாலும் வாய்க்கால் கட்டாலும் அரை மணித்தியாலம் நடந்தோம்.

கிடுகு வேய்ந்த ஒரு அறை. மகள் வாசலில் புத்தகத்தோடு இருந்தாள். தகப்பனின் நெற்றி. என்னைக் கண்டு எழும்பினாள்.

"ஆரம்மா?"

"ரவர் வைச்சிருந்த மாமா. அப்பாவைப் பற்றி ஒண்டு சொல்ல வந்திருக்கிறார். இருந்து கேள்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை எண்டு நீங்கள் அந்தாளுக்குக் குடுத்த வாக்கிலையிருந்து தொடங்குங்கோ," என்றார்.

எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். நான் அதில் இருக்கவில்லை. உள்ளே அவர் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு அடியில் எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. கையில் அண்ணையின் படத்தோடு வெளியே வந்து, தூசியைத் தட்டி மகளின் மடியில் வைத்தார். அந்த முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் நான் சொல்லத் தொடங்கினேன்.